தினமும் பாட்டு கேட்டும் மனசு அடங்கவில்லை, எங்கே தப்பு செய்கிறேன்?

அரைத்தூக்கம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடமாகவே வேலையிலும் வீட்டிலும் நெருக்கடி. விவரம் வேண்டாம், எல்லோருக்கும் இருப்பதுதான். தினமும் ஒரு மணி நேரம் இசை கேள், மனசு லேசாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நான் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தவில்லை, நாள் முழுக்கவே கேட்கிறேன். காலையில் பல் துலக்கும்போது மாட்டும் இயர்போனை இரவு தூங்கும்போதுதான் கழற்றுகிறேன், சில நாள் அதுவும் இல்லை, காலையில் தலையணைக்கு அடியில் தேடி எடுப்பேன். போன வாரம் எத்தனை மணி நேரம் கேட்டேன் என்று செல்போனில் பார்த்தால் 52 மணி நேரம் என்று காட்டுகிறது. மனதுக்கு இதமான பாடல்கள், இரவுக்கான மெல்லிசை, மழைச் சத்தத்தோடு புல்லாங்குழல் என்று ஏழெட்டுத் தொகுப்பு சேமித்து வைத்திருக்கிறேன்.

கேட்கும் வரைக்கும் பரவாயில்லை. கழற்றினால் போதும், வெளியில் காத்துக்கொண்டிருந்த மாதிரி எல்லாக் கவலையும் சேர்ந்து உள்ளே வருகிறது. உடனே மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.

நேற்று ஒன்று நடந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன். பத்து வருஷமாக எனக்கு உயிரான ஒரு பாட்டு. முன்பெல்லாம் அதன் முதல் வயலின் வந்தாலே கை வேலையை நிறுத்திவிடுவேன். நேற்று அது ஓடி முடிந்து, அதற்கடுத்ததும் முடிந்து, மூன்றாவது பாதி போன பிறகுதான் ‘அட, அது வந்துவிட்டுப் போயிருக்கிறதே’ என்று உறைத்தது. ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே போய்விட்டது. பாட்டே அலுத்துப்போய்விட்டதா?

தினமும் இசையால் நிஜமாகவே அமைதி கிடைப்பவர்கள் சொல்லுங்கள், எந்த மாதிரி இசை, எவ்வளவு நேரம், வரிகள் இருக்கலாமா கூடாதா? தியானம் செய் என்று மட்டும் சொல்லாதீர்கள், மூன்றாம் நாளே விட்டவன் நான்.

சுருதிபேதம்:

வரிகள் வேண்டாம் என்பது என் கட்சி, குறைந்தபட்சம் வேலை நேரத்தில். நீங்கள் ஒரு பக்கம் படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போது இன்னொரு பக்கம் பாட்டில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூளை அவரையும் கேட்கத்தான் செய்யும். எண்களை வரிசையாக மனதில் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனைகளில், பின்னணியில் பேச்சு ஓடினால் தவறு கூடுகிறது. அந்தப் பேச்சு தெரியாத மொழியில் இருந்தாலும் கூடுகிறது, அதுதான் வேடிக்கை. வாய்ப்பாட்டுக்கும் அதே கதை, வெறும் வாத்தியத்துக்கு அந்த அளவு இல்லை.

ஆகவே வேலை செய்யும்போது வீணை, குழல், கிடார், எதுவோ ஒன்று, அதுவும் சன்னமாக. அல்லது ஒன்றுமே வேண்டாம்.

கோடைமேகம்:

பல் துலக்கும்போது இயர்போனா? உள்ளே தண்ணீர் போகாதா சகோ? (பதில் தெரியாததால் இதையாவது கேட்கிறேன்.)

பி_பக்கம்:

தம்பி, நான் உங்களைவிட வயதில் மூத்தவன் என்று நினைக்கிறேன், அதனால் பழங்கதை வரும், பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போங்கள்.

எங்கள் காலத்தில் கேசட். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். முப்பதாவது நிமிடம் என்ன ஆகும் தெரியுமா? கடைசிப் பாட்டு முடிந்து, நாடா மட்டும் ஓடும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கொஞ்ச நேரம் வரும், அப்புறம் ப்ளே பட்டன் ‘டக்’ என்று தானாக மேலே எழும்பும். அவ்வளவுதான், நின்றுவிடும். அடுத்தது வேண்டுமென்றால் நீங்கள் எழுந்து போக வேண்டும், மூடியைத் திறந்து, கேசட்டைத் திருப்பிப் போட்டு, மறுபடி அழுத்த வேண்டும். அதற்கும் முன்னால் இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குப் பக்கம்தான் பிடிக்கும். 1948ல் நீள்தட்டு வந்த பிறகுதான் அது இருபது நிமிடத்தைத் தாண்டியது. எதுவானாலும் முடியும். முடிந்தே தீரும்.

அந்த ‘டக்’குக்குப் பிறகு பெரும்பாலும் நான் எழுந்து போக மாட்டேன். சோம்பேறித்தனம்தான், பெரிய ஞானமெல்லாம் இல்லை. படுத்தபடியே இருப்பேன். அறையில் ஒரு சத்தமும் இருக்காது, ஆனால் கடைசியாகக் கேட்ட பாட்டு தலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். இப்போது யோசித்தால் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்து நிமிடம்தான் போலிருக்கிறது, பாட்டெல்லாம் அதற்குப் போட்ட பாதை.

இப்போது உங்கள் செல்போனில் பாட்டு முடிவதே இல்லை. தொகுப்பு முடிந்தால் அதே மாதிரி வேறொன்றை அதுவே எடுத்துப் போடுகிறது. என் பேத்தியின் போனில் பார்த்தேன், ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒட்டித் தைத்துவிடுகிறார்கள், நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. முதலில் அந்தத் தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். ஒரு பாட்டு, முடிந்ததும் நிற்கட்டும், நீங்கள் சும்மா இருங்கள். பிறகு சொல்லுங்கள்.

நான்காம்தந்தி:

பி_பக்கம் ஐயா சோம்பேறித்தனம் என்று சொன்னதை இத்தாலியில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்! பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவும் 2006ல் ‘ஹார்ட்’ என்ற மருத்துவ இதழில் எழுதியது. 24 பேரைப் படுக்க வைத்து ஆறு வகை இசையைப் போட்டார்கள், அதில் பாதிப் பேர் இசை படித்தவர்கள், பாதிப் பேர் படிக்காதவர்கள். மூச்சு, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் அளந்தார்கள். வேகமான தாளத்துக்கு எல்லாம் ஏறியது, மெதுவான தாளத்துக்கு அப்படி இல்லை, அது யாரும் எதிர்பார்ப்பதுதான். நடுவில் எங்கோ ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் வெறும் மௌனம் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் துடிப்பும் அழுத்தமும் இசை ஆரம்பிக்கும் முன்பு இருந்ததைவிடக் கீழே போனது. இசை போடாமல் சும்மா படுத்திருந்தபோது இருந்ததைவிட, இசைக்கு நடுவே வந்த மௌனத்தில் உடம்பு அதிகம் தளர்ந்திருக்கிறது. சின்ன ஆய்வுதான், 24 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது, ஆனால் எனக்கு இது ரொம்பப் பிடித்த ஆய்வு.

உங்கள் பிடித்த பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அது அலுத்துப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. 2011ல் மாண்ட்ரியலில் ஒரு குழு, பாட்டு கேட்டுப் புல்லரிக்கும் ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. புல்லரிக்கும் கணத்தில் டோபமின் (இன்பத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருள்) சுரக்கிறது, சரி. அந்த இடம் வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருக்கும் சில நொடிகளிலேயே மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரக்க ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் விசேஷம். அந்த முதல் வயலினுக்கு நீங்கள் கை வேலையை நிறுத்தினீர்களே, அதுதான் காத்திருப்பு. 52 மணி நேரம் ஓடுகிற குழாயில் ஒரு சொட்டுக்காக யார் காத்திருப்பார்கள்? (இந்தக் கடைசி வரி என் சொந்த வியாக்கியானம், ஆய்வாளர்கள் தலையில் கட்ட வேண்டாம்.)

எனக்கு என்ன கைகொடுத்தது என்று கேட்டால், தம்புரா. பாட்டு கற்றுக்கொள்ளப் போய்ப் பாட்டு வரவில்லை, தம்புரா மட்டும் ஒட்டிக்கொண்டது. நாலே தந்தி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். அதில் ராகம் கிடையாது, தாளம் கிடையாது, ஒன்று மாற்றி ஒன்று மீட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தந்திக்கும் அதைத் தாங்கும் கட்டையான குதிரைக்கும் நடுவில் ஒரு துண்டுப் பருத்தி நூலைச் செருகுவார்கள், ஜீவா என்று அதற்குப் பெயர். நூல் சரியான இடத்தில் இல்லாவிட்டால் தந்தி ‘டொக்’கென்று மரத்தைத் தட்டிய மாதிரிப் பேசும். நகத்தால் ஒரு மயிரிழை நகர்த்தினால் திடீரென்று திறந்துகொள்ளும், ஒரே தந்தியிலிருந்து நாலைந்து சுரங்கள் மேலே மேலே கிளம்பி வரும். முதல் மாதம் முழுக்க அந்த நூலை நகர்த்துவதிலேயே போனது. இப்போதும் தினமும் காலையில் பத்து நிமிடம். கடைசியில் மந்தரத்தை மட்டும் ஒருமுறை மீட்டிவிட்டு, அது முழுக்க அடங்கும் வரை காதால் பின்தொடர்ந்து போவேன். எங்கே முடிந்தது என்று இதுவரை சரியாகப் பிடித்ததில்லை. இது தியானமா என்று கேட்காதீர்கள், நான் அப்படிப் பெயர் வைக்கவில்லை. நேரில் தம்புரா வேண்டுமென்றும் இல்லை, ஒலிப்பதிவே போதும்.

ஒருகாது:

எல்லோரும் மௌனத்தைப் புகழ்கிறீர்கள், நல்லது. ஆனால் மௌனம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பதில்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு இடது காதில் ஏழு வருஷமாக இரைச்சல், ‘ஈஈஈ’ என்று ஒரே சுரத்தில், பகலும் இரவும். சத்தம் எதுவும் இல்லாத அறையில்தான் அது உச்சத்தில் இருக்கும். எனக்கு யாராவது “பாட்டை நிறுத்திவிட்டு மௌனத்தில் இரு” என்று சொன்னால் அது தண்டனை. நான் இரவில் மிக மெல்லிய சத்தத்தில் ஏதாவது ஓடவிட்டுத்தான் படுக்கிறேன், இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம் இருந்தால் போதும், காது அதையே பிடித்துத் தொங்காது. என் காது மருத்துவரும் இதைத்தான் சொன்னார்.

அரைத்தூக்கம், நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது அந்த 52 மணி நேரம். என்ன சத்தத்தில் கேட்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே? உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அப்படியே போனால் 90 டெசிபலில் வாரத்துக்கு நாலு மணி நேரம்தான். உள்காதில் சத்தத்தை உணரும் மயிரணுக்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. எனக்கு முளைக்கவில்லை. இரைச்சலான பேருந்தில், அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்று ஒலியை ஏற்றி ஏற்றி நாலு வருஷம் கேட்டேன், அப்போது ஒரு நாளும் வலிக்கவில்லை, அதுதான் இதில் மோசம்.

வெளிச்சத்தம் உள்ள இடத்தில் கேட்டே ஆக வேண்டுமென்றால் இரைச்சலைக் குறைக்கும் வகை ஹெட்போன் வாங்குங்கள். வெளியில் இருந்து வரும் அலைக்கு எதிரலையைப் போட்டு அடிக்கும். மின்விசிறி, இன்ஜின் மாதிரி ஒரே சீராக உறுமும் சத்தத்துக்கு நன்றாக வேலை செய்யும், பக்கத்தில் ஆள் பேசுவதை முழுக்க நிறுத்தாது. ஆனாலும் ஒலியை ஏற்ற வேண்டிய அவசியம் குறையும். இப்போதே காதில் ஏதாவது இரைச்சல் கேட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மந்தரஸ்தாயி:

வரிகள் வேண்டாம் என்று சுருதிபேதம் சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை. வேலை நேரத்துக்குச் சரி. துக்கத்துக்கு?

அம்மா இறந்த வருஷம் எனக்கு வாத்திய இசை ஒன்றுமே செய்யவில்லை. சுத்தமாக, அழகாக, யாருக்கோ நடப்பது போல ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு குரல் தேவைப்பட்டது, நான் சொல்ல முடியாததை எனக்காகச் சொல்கிற ஒரு வாய். ஒரே ஒரு பாட்டு, அழுகைப் பாட்டுதான், தினமும் வேலை முடிந்து கதவைச் சாத்தியதும் ஒருமுறை கேட்பேன். மூன்று மாதம். “அதையே கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மோசமாகும், உற்சாகமாக ஏதாவது போடு” என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். போட்டும் பார்த்தேன், எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன், இசை சிகிச்சையில் இதற்கு ஐசோ கொள்கை என்று ஒன்று 1940களிலிருந்தே இருக்கிறதாம். ஆள் இருக்கிற மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போவது. கொந்தளிப்பில் இருப்பவனுக்கு எடுத்த எடுப்பில் தாலாட்டுப் போட்டால் ஒட்டாது. அரைத்தூக்கம், உங்கள் தொகுப்புகள் எல்லாமே இதம், மெல்லிசை, மழை என்று இருக்கின்றன. உள்ளே நெருக்கடி, காதில் மழைச் சத்தம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கிறதோ என்னவோ. உங்கள் இன்றைய நாள் எப்படி இருந்ததோ அதே மாதிரி இருக்கிற ஒரு பாட்டில் ஆரம்பித்துப் பாருங்களேன், கோபமென்றால் கோபம்.

நாலாவது மாதம் எப்போது அந்தப் பாட்டை விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு நேராகப் போய் முகம் கழுவினேன், அவ்வளவுதான்.

சுருதிபேதம்:

@மந்தரஸ்தாயி ஒப்புக்கொள்கிறேன். நான் கணக்குப் போடும் ஆள், வேலையை மனதில் வைத்து மட்டும் எழுதிவிட்டேன்.

அரைத்தூக்கம்:

இத்தனை பதில் வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஒலி அளவு கேட்டீர்கள் ஒருகாது, இப்போதுதான் பார்த்தேன், முக்கால்வாசிக்கு மேலே எப்போதும். குறைத்துவிட்டேன், முதலில் ஒன்றுமே கேட்காத மாதிரி இருந்தது, இரண்டு நாளில் பழகிவிட்டது. தனியாக ஒரு காதுப் பரிசோதனைக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். கோடைமேகம், தண்ணீர் போயிருக்கிறது, இது மூன்றாவது இயர்போன்.

முயற்சி செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அரைத்தூக்கம் (மூன்று வாரம் கழித்து):

சொன்னபடி வந்துவிட்டேன்.

முதல் வாரம் படுதோல்வி. பகலில் இயர்போன் இல்லாமல் இருப்பது புகைப்பழக்கத்தை விட்டவன் கதைதான், கை தானாகப் பைக்குள் போகிறது. இரவில் ஒரு பாட்டு போட்டு, நிறுத்திவிட்டு, சும்மா இருந்தேன். என்ன வந்தது தெரியுமா? அலுவலகக் கணக்கு, பேசாமல் விட்ட சண்டை, கட்ட வேண்டிய பணம், எல்லாம். பி_பக்கம் ஐயாவை மனதுக்குள் திட்டினேன், மன்னிக்கவும். ஐந்து நிமிடம் என்று அலாரம் வைத்திருந்தேன், இரண்டாவது நிமிடமே எழுந்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் மந்தரஸ்தாயி சொன்னதைச் சேர்த்தேன். வேலையில் ஒருவரிடம் கன்னாபின்னாவென்று வாங்கிக் கட்டிக்கொண்ட நாள் அது. பறை மாதிரி அதிரும் ஒரு இசைத் துண்டு, பேய்த்தனமான வேகம், அதில் ஆரம்பித்தேன். அப்புறம் வேகம் குறைந்த ஒன்று. அப்புறம் என் பாட்டு. மூன்றே மூன்று, நானே வரிசை போட்டது, தானாக ஓடுவதை நிறுத்திவிட்டேன். முதல் வயலின் வந்தபோது என்னையறியாமல் கண்ணை மூடியிருக்கிறேன். பெரிதாகப் புல்லரிப்பெல்லாம் இல்லை, ஆனால் கேட்டது, முழுக்கக் கேட்டது. நடுவில் தபலா ஒரு இடத்தில் ஒரு அடி விட்டு விழும், பத்து வருஷம் கேட்டும் அதை நான் கவனித்ததே இல்லை.

பாட்டு முடிந்த பிறகு கவலை வராமல் இல்லை. வருகிறது. ஆனால் முன்பு மாதிரி கும்பலாக வருவதில்லை, ஒவ்வொன்றாக வருகிறது, சிலது வந்துவிட்டு உட்காராமலே போய்விடுகிறது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் ஒன்றுமே சரிப்படாமல் அப்படியே தூங்கியும் போகிறேன். வாரத்துக்கு 52 மணி நேரம் இப்போது ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. தம்புரா ஒலிப்பதிவும் போட்டுப் பார்த்தேன் நான்காம்தந்தி, உண்மையைச் சொன்னால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது, அதுவும் லாபம்தானே.

நேற்று இரவு பாட்டு முடிந்து படுத்திருக்கும்போது ‘டிக்... டிக்...’ என்று ஒரு சத்தம். கடிகாரமோ என்று பார்த்தேன், என் அறையில் கடிகாரமே இல்லை. மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக். எத்தனை மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும்.

பி_பக்கம்:

பெரும்பாலும் இறக்கையில் ஒரு திருகு தளர்ந்திருக்கும். ஏறும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.